முப்பது வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டு மூன்று கூட்டமாகத் திரும்புகின்றன: எங்கே சரிசெய்வது?

வேளச்சேரிக்காரன் எழுதியது:

வணக்கம். தென்சென்னையில் இயங்கும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் பயணக் குழுவில் ரைடுகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. நாலைந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மாமல்லபுரம் வரை போய், சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது என்ற அளவில்தான் இது தொடங்கியது. வாட்ஸ்அப் குழு பெருத்துப் பெருத்து, இப்போது ஒவ்வொரு ரைடுக்கும் இருபத்தைந்து முப்பது வண்டிகள் வந்துவிடுகின்றன.

ஆள் சேர்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் திருவான்மியூர் சிக்னலிலேயே வரிசை அறுந்துவிடுகிறது. முன்னால் போனவர்கள் பொங்கலும் காபியும் முடித்து எழும்போதுதான் கடைசி வண்டிகள் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் முன்னவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையிலும் பழகியவர்கள் பழகியவர்களோடுதான் உட்காருகிறார்கள். புதிதாக வந்தவர் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இட்லியைத் தின்றுவிட்டுப் போகிறார், அடுத்த முறை வருவதில்லை.

இதற்குத் தீர்வாக 350 சிசிக்குக் குறைந்த வண்டிகளைச் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் மனைவி மக்களையும் அழைத்துவர வேண்டும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் அது ரைடு அல்ல, சுற்றுலா என்று இன்னொரு தரப்பு முகம் சுளிக்கிறது. வண்டி ஓட்டுவதைத் தவிர ஏதாவது உருப்படியாகச் செய்வோம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது, ஆனால் என்ன செய்வது என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. இத்தகைய குழுக்களை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், வரிசையை எப்படிக் காப்பது, யாரைச் சேர்ப்பது, சாலைக்கு வெளியே எதைச் செய்வது என்பதை விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

கடைசி வண்டி எழுதியது:

நண்பரே, பெரும்பாலும் ஸ்வீப்பாக, அதாவது எல்லோருக்கும் பின்னால் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சிக்கலுக்குக் காரணம் சிசி அல்ல, எண்ணிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 20 மீட்டர் நகர்கிறது. ஸ்டாகர்டு வரிசையில், அதாவது ஒருவர் லேனின் வலப்பக்கமும் அடுத்தவர் இடப்பக்கமுமாக மாறி மாறிப் போகும்போது, நமக்கு நேர் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளியும், குறுக்காக முன்னால் இருக்கும் வண்டிக்கு ஒரு விநாடி இடைவெளியும் விட வேண்டும். அப்படியானால் முப்பது வண்டிகளின் வரிசை 580 மீட்டர் நீளும். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட வரிசை திருவான்மியூருக்கும் அக்கரைக்கும் இடையில் உள்ள சிக்னல்களில் அறுபடாமல் போக வழியே இல்லை. அதே கணக்கில் எட்டு வண்டிகள் 140 மீட்டருக்குள் அடங்கிவிடும். லீட், அதாவது எல்லோருக்கும் முன்னால் ஓட்டுபவர், கண்ணாடியில் தன் கடைசி ஆளைப் பார்க்கவும் முடியும்.

ஆகவே முப்பது பேர் வந்தால் நான்கு பிரிவுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப், பிரிவுகளுக்கு இடையே ஐந்து நிமிட இடைவெளி. கூடும் இடத்தை நகருக்குள் வைக்காமல் அக்கரையைத் தாண்டி வையுங்கள். அதுவரை அவரவர் வீட்டிலிருந்து தனித்தனியாக வரட்டும். ஊருக்குள் வரிசை கட்டி ஓட்டுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை, பால்வண்டிக்காரரின் எரிச்சலைத்தான் சம்பாதிப்போம்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் பேண்டு இழுபடுவதைப் போல, லீட் செய்யும் சிறு மாற்றம் பின்னால் போகப் போகப் பெரிதாகும். லீட் ஒரு மணல் லாரியைத் தாண்டியவுடன் எண்பதுக்கு ஏறிவிட்டால், லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஏழாவது ஆள் வரிசையைப் பிடிக்க நூறைத் தொட வேண்டியிருக்கும். குழுவிலேயே புதியவர் பெரும்பாலும் பின்னால்தான் இருப்பார் என்பதால், அதிக வேகம் போகும் கட்டாயம் அனுபவம் குறைந்தவர் தலையில் விழுகிறது. லீட் ஓட்டுபவர் லாரியையோ சிக்னலையோ தாண்டியபின், ஸ்வீப்பின் முகப்பு விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை ஐம்பதிலேயே போக வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவரை, அவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், லீட் ஆக்காதீர்கள்.

புதியவர்களை லீடுக்கு அடுத்த இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வையுங்கள். டிரம் பிரேக் உள்ள பழைய புல்லட், ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள புது வண்டிக்கு நேர் பின்னால் போகக் கூடாது. முன்வண்டி சட்டென நிற்கும், பழைய வண்டிக்கு நிற்க இடம் போதாது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், ஒரே குழுவில் இரண்டு தலைமுறை பிரேக்குகளும் கலந்து வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். வளைவுகளிலும் குறுகிய ஊர்ச் சாலைகளிலும் ஸ்டாகர்டு வரிசையை விட்டுவிட்டு ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும் என்பதைக் கிளம்பும் முன் நடக்கும் பிரீஃபிங்கில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பழையவர்கள் கொட்டாவி விடுவார்கள், விடட்டும்.

திருப்பங்களில் ஆள் தொலைவதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. லீட் திரும்பும் இடத்தில் அவருக்கு அடுத்துவரும் வண்டி பாதுகாப்பாக ஓரங்கட்டி நிற்கும்; பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் கையால் திசை காட்டிவிட்டு, ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்ளும். அடுத்த திருப்பத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டே யாரும் ஓட்ட வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: வரிசை தானாகவே சுழல்வதால் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறையாவது பார்க்கிறார்கள்.

ராயபுரம் 350 எழுதியது:

மன்னிக்கவும், எட்டு எட்டாகப் பிரிந்து போவதற்குக் குழு எதற்கு? முப்பது வண்டிகள் ஒன்றாகப் போகும் அந்தச் சத்தத்துக்காகவும் அழகுக்காகவும்தான் என்னைப் போன்றவர்கள் ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறோம். 125 சிசி வண்டிக்காரருக்காக அறுபதில் உருட்டிக்கொண்டு போவதும் எனக்கு ஒத்துவரவில்லை.

கடைசி வண்டி எழுதியது:

அந்த அழகை நானும் ரசிப்பவன்தான். ஆனால் எதிரே வரும் அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு அது 580 மீட்டர் நீளத் தடை. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஆள்நடமாட்டம் குறைந்த பகுதியில் வேண்டுமானால் எல்லாப் பிரிவுகளும் ஓரிடத்தில் நின்று சேர்ந்து, படமும் எடுத்துக்கொள்ளலாம். வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் காவல் துறையினர் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும்போது, ஒழுங்காகப் போகிறவர்களும் அந்தச் சந்தேகப் பார்வையில் அகப்படுகிறோம்.

அம்பத்தூர்ப் பயணி எழுதியது:

நான் 160 சிசி வண்டி ஓட்டும் பெண். கேள்வி கேட்டவர் என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதவில்லை என்றாலும், பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது.

பிரிவுகளாகப் பிரிப்பது நல்ல யோசனை. தயவுசெய்து அவற்றுக்கு ஃபாஸ்ட், ஸ்லோ என்று பெயர் வைக்காதீர்கள். ஸ்லோ என்ற பிரிவில் பெயர் கொடுக்க ஆண்கள் வெட்கப்படுவார்கள், தங்கள் திறமைக்கு மீறிய பிரிவில் போய்ச் சேருவார்கள், அங்கேதான் ஆபத்து. அறுபது–எழுபதில் போகும் பிரிவு, எழுபது–எண்பதில் போகும் பிரிவு என்று வேகத்தையே எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண்களை எல்லாம் ஒரே பிரிவில் தள்ளும் வழக்கமும் வேண்டாம். நாங்கள் கேட்காமலேயே, மண் சாலையில் வண்டியைத் திருப்பித் தருகிறேன் என்று ஓடிவருவதைக் காட்டிலும், ஒரு நிமிடம் பொறுத்திருப்பது பெரிய உதவி.

கூடும் இடம் எப்போதும் அக்கரை என்றால், அம்பத்தூர், ஆவடி, மாதவரம் பக்கத்தில் இருப்பவர்கள் நாலு மணிக்கே இருட்டில் தனியாகக் கிளம்ப வேண்டும். மாதம் ஒரு ரைடை வடக்கே பழவேற்காட்டுக்கோ, மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலை வழியாகவோ வைத்தால் நகரின் மறுபாதியும் வரும். நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் டீயின் சுவையைத்தான் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதை முன்கூட்டியே யாராவது நேரில் பார்த்துவர வேண்டும். இது இல்லாததால்தான் பல பெண்கள் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறார்கள். சென்னை வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

குடும்பத்தை அழைத்துவருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனைவியோ கணவரோ பின்னால் உட்கார்ந்து வருவதில் சிக்கல் இல்லை, அவர்களுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகள் விஷயம் வேறு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால் ஹெல்மெட், ஓட்டுபவருடன் பிணைக்கும் பட்டை ஆகியவற்றோடு, வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. நாற்பதில் யாரும் நெடுஞ்சாலையில் குழுவாகப் போக முடியாது. எங்களுக்குத் தெரிந்த குழுவில் குடும்ப ரைடு என்றால் இரண்டு கார்கள் உடன் வரும்; குழந்தைகளும் பாட்டிகளும் சாப்பாட்டுக் கூடைகளும் அதில். இடமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை அதற்கு மிகப் பொருத்தமானது. திருவான்மியூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 1760இல் ஆங்கிலேயப் படை இடித்ததுபோக மிஞ்சியிருக்கும் செங்கல் சுவர்களுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். நிழல் குறைவு என்பதால் பத்து மணிக்குமுன் திரும்பிவிட வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டர் எழுதியது:

தம்பி, மேலே எழுதியவர்கள் சாலையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலைச் சங்கு ஒலியைக் கேட்டு வளர்ந்தவன். வலது காலில் கியர் உள்ள புல்லட்டை இன்னும் வைத்திருக்கிறேன். வண்டி நிற்கும்போது நடப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குழு உருவாவது அங்கேதான்.

சிசி வரம்பு வேண்டாம். சின்ன வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி பெட்ரோல் டேங்க் எத்தனை லிட்டர் என்பதுதான். குழுவில் எந்த வண்டி முதலில் காலியாகுமோ, அதை வைத்துத்தான் நிறுத்தங்களைத் திட்டமிட வேண்டும். அதைத் தவிர அவரால் குழுவுக்கு வரும் இடைஞ்சல் ஒன்றுமில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வண்டி ஓட்டாமல் வண்டியைப் பிரித்துப் பாருங்கள். யாராவது ஒருவர் வீட்டு வாசலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கோ போதும். செயினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் விடுவது, கிளட்ச் கேபிளின் தொய்வைச் சரிசெய்வது, டியூப்லெஸ் டயரில் ஆணி குத்திய இடத்தில் பிளக் செருகுவது, ஸ்போக் சக்கரத்தில் டியூபைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டுவது என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று. ஆணி குத்திய ஓட்டையை ரீமரால் அரைக்காமல் பிளக்கைச் செருகினால் அது உள்ளே உட்காராமல் பாதியில் மடங்கிக்கொள்ளும். இதைக் கையால் ஒருமுறை செய்தவனுக்கு நடுவழியில் பதற்றம் வராது. புதியவர்களைப் பேச வைப்பதற்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. உணவு மேசையில் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர், கையில் ஸ்பேனர் கொடுத்தால் பேசுவார். அடுத்த வாரம் அவரே பழைய கண்ணாடி தேடி இன்னொருவரோடு புதுப்பேட்டைக்குப் போவார், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உறை விலை விசாரிப்பார். நீங்கள் ஏற்பாடு செய்யாமலேயே நட்பு நடக்கும்.

முதலுதவிப் பயிற்சி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது, கழுத்தை அசைக்கக் கூடாது, முதலில் பின்னால் வரும் போக்குவரத்தை நிறுத்த ஒருவர் போக வேண்டும், ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். சம்பவம் நடக்கும்போது பத்துப் பேரும் அவரையே சுற்றி நிற்பார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி, அரசு நிர்ணயித்த உச்சவரம்புக்குள் கிடைக்கும். உங்கள் வழித்தடத்தில் அத்தகைய மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்பதை ரைடுக்கு முன் குழுவில் போட்டுவையுங்கள். வேற்றாள் அடிபட்டுக் கிடந்தாலும் உதவலாம். உதவியவரைப் பொறுப்பாளியாக்கக் கூடாது என்று 2019 சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது.

சமூகப் பணி என்ற பெயரில் மலைக்கிராமப் பள்ளிக்கு ஐம்பது பை வாங்கிக்கொண்டு போய், பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துவரும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தலைமையாசிரியரிடம் முன்பே பேசி, அவர் கேட்பதை மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் அவர் பை கேட்க மாட்டார், கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்பார். ரத்த தான முகாம் நடத்துவதானால் அதை நகருக்குள், ரைடு இல்லாத நாளில் வையுங்கள். ஆண்கள் இரண்டு தானங்களுக்கு இடையே 90 நாட்களும், பெண்கள் 120 நாட்களும் விட வேண்டும். கொடுத்த அன்றே நூறு கிலோமீட்டர் ஓட்டுவது வீரம் அல்ல.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட், பேட்ஜ் என்று ஒருவருடைய கூகுள் பேயில் பணம் சேரத் தொடங்கிய நாளிலிருந்து குழுக்கள் உடையத் தொடங்குகின்றன. வரவு செலவை அன்றன்றைக்கே எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். தொகை பெரிதானால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்து, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஏழு பேர் இருந்தால் பதியலாம். புதுச்சேரி ரைடுக்கு மட்டும் ஏன் கூட்டம் அலைமோதுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே தங்குவதாக இருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்குமுன் யாரும் சாவியைத் தொடக் கூடாது. அன்றே திரும்புவதாக இருந்தால் குடிப்பவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதில் தயவு காட்டிய குழுக்களின் கதை நல்லபடியாக முடிந்ததில்லை.

வேளச்சேரிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பொறுப்பாளர் குழுவில் பேசிவிட்டோம். சிசி வரம்பு கைவிடப்பட்டது; ராயபுரத்து நண்பரைப் போன்றவர்கள் இருவர் முகம் கோணினார்கள், ஆனால் வெளியேறவில்லை. பிரிவுக்கு எட்டு வண்டி, வேகத்தை எழுதி அறிவித்தல், அக்கரைக்கும் மாதவரத்துக்கும் மாற்றி மாற்றிக் கூடும் இடம் என்று முடிவாகியிருக்கிறது. முதல் பட்டறை அடுத்த மாதம் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில். குடியிருப்போர் சங்கச் செயலாளர் எண்ணெய்க் கறை படியக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.

புதிய முறையை ஜி.எஸ்.டி. சாலை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) வழியாக வேடந்தாங்கல் ரைடில் சோதிக்கலாம் என்று நினைக்கிறோம். அந்த வழியில் கவனிக்க வேண்டியவை ஏதாவது உண்டா?

கடைசி வண்டி எழுதியது:

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசலைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பிறகு கூடுங்கள். படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நூறில் வரும் கார்களுக்கு நடுவே எட்டு வண்டிகளும் ஒன்றாக வலது லேனுக்கு மாறுவது கடினம், ஆகவே எல்லோரும் இடப்பக்கம் ஓரங்கட்டி நின்று, இரண்டு மூன்று பேராகக் கடந்து போங்கள். வழிகாட்டும் ஆள் சாலையைக் கடந்தபின் கிளைச் சாலையின் ஓரத்தில் நிற்கட்டும். அதற்கப்பால் வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் ஒற்றை வரிசைதான். அறுவடை நாட்களில் நெல்லைச் சாலையிலேயே காயவைத்திருப்பார்கள், அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும், ஊர்க்காரர்கள் திட்டுவதும் நியாயம்.

பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். ஏரி நிரம்பியபின் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போனால் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் குஞ்சுகளோடு இருப்பதைப் பார்க்கலாம். 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் வேட்டைக்காரர்களுக்கு எதிராக எழுத்துமூல உத்தரவு வாங்கிய ஊர் அது. சத்தமிடும் சைலன்சர் மாட்டிய வண்டிகளை அங்கே கொண்டுபோகாதீர்கள், ஊர் எல்லையிலிருந்து ஹாரனும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை எச்சரிக்கை வந்தால், ரைடு ரத்து என்பதைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் அறிவித்துவிடுங்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் அதற்குப் பிறகு தூங்கப் போய்விடுவார்கள்.